லாபம், ஒன்று, இரண்டு

ஆண்டுக்கு எண் போட்டுச் சொல்லும் பழக்கம் வருவதற்கு வெகுகாலம் முன்னால், செங்கால் நாடு என்று ஒரு நாடு இருந்தது. அதை மகிழரையன் என்று ஓர் அரசன் ஆண்டான். இதைக் கேட்பவர்கள் சிறியவர்களோ பெரியவர்களோ, ஒன்றை முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். அவன் கெட்ட அரசன் அல்ல. குறை சொன்னால் கேட்பான். கேட்டால் சட்டம் போடுவான். சட்டம் போட்டால் தூங்கிவிடுவான்.

அந்த நாட்டின் தலைநகரில் வாரம் ஒரு நாள் நெல் சந்தை கூடும். நெல்லை அளப்பது மரக்காலால். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். அளப்பதற்கு என்று ஆட்கள் இருந்தார்கள். அவர்களுக்கு அளவுகாரர் என்று பெயர். நெல்லை அள்ளிக் கொட்டும்போது ராகம் போட்டு உரக்க எண்ணுவது அவர்கள் தொழில்.

அவர்கள் எண்ணும்போது 'ஒன்று' என்று தொடங்க மாட்டார்கள். முதல் மரக்காலை 'லாபம்' என்பார்கள். ஒன்று என்றால் ஒற்றை. ஒற்றை என்று வாய் திறந்தால் நெல் பொலியாது என்பது நம்பிக்கை. ஆகவே லாபம், இரண்டு, மூன்று என்று போகும் எண்ணிக்கை. அளக்கும்போது பக்கத்தில் நிற்பவர்கள் வாய் திறக்கக் கூடாது. பேசினால் லட்சுமி எழுந்து போய்விடுவாள்.

இப்படி ஒழுங்காக நடந்த சந்தையில் ஒரு வருஷம் நெல் குறைய ஆரம்பித்தது. விற்க வந்தவர்கள் வீட்டில் அளந்த நெல் சந்தையில் குறைந்தது. வாங்கிப் போனவர்கள் சந்தையில் அளந்த நெல் வீட்டில் குறைந்தது. இரண்டு பக்கமும் குறைந்தது, நடுவில் இருந்தவர்கள் பெருத்தார்கள்.

குடிகள் அரசனிடம் போனார்கள். "மரக்காலில் ஏதோ இருக்கிறது" என்றார்கள்.

அரசன் முதல் சட்டம் போட்டான். எல்லா மரக்காலும் ஒரே அளவாக இருக்க வேண்டும்; வாயில் வெண்கலப் பட்டை கட்டி, பட்டையில் அரச முத்திரை குத்தியிருக்க வேண்டும். முரசு அறைந்தார்கள். ஊர் மகிழ்ந்தது. நெல் குறைந்தது.

குடிகள் மறுபடி போனார்கள். "வாங்கும்போது கோபுரமாகக் குவித்து அளக்கிறார்கள், விற்கும்போது தலையைத் தட்டி அளக்கிறார்கள்" என்றார்கள்.

அரசன் இரண்டாம் சட்டம் போட்டான். மரக்காலின் வாயை ஒரு கோலால் வழித்துத்தான் அளக்க வேண்டும். கோல் வளையாத மரமாக இருக்க வேண்டும். முரசு அறைந்தார்கள். ஊர் மகிழ்ந்தது. நெல் குறைந்தது.

குடிகள் மூன்றாம் முறை போனார்கள். இந்தத் தடவை எதைச் சொல்வது என்று அவர்களுக்கே தெரியவில்லை. "குறைகிறது" என்று மட்டும் சொன்னார்கள்.

அரசனுக்குக் கோபம் வந்தது. மூன்றாம் சட்டம் போட்டான். சந்தை வாசலில் இத்தனை கலம் என்று சொன்ன நெல் அளவில் குறைந்தால், கொடுத்தவரோ எடுத்தவரோ, யாராக இருந்தாலும், பொய்யளவு செய்தவரின் வலது கட்டை விரல் வெட்டப்படும்.

முரசு அறைந்தார்கள். இந்த முறை ஊர் மகிழவில்லை. தன் தன் விரலைப் பார்த்துக்கொண்டது.

அந்தச் சந்தையில் அம்பலத்தான் என்று ஒரு பெரிய வணிகன் இருந்தான். நெற்றி நிறைய திருநீறு, வாய் நிறைய சிரிப்பு. அவனுடைய மரக்காலில் முத்திரை இருந்தது. அவனுடைய கோல் நேராக இருந்தது. அதிகாரிகள் எப்போது சோதித்தாலும் "ஐயா வாங்க, நல்லாப் பாத்துக்குங்க" என்பான். பார்ப்பார்கள், சரியாக இருக்கும்.

மூன்றாம் சட்டம் வந்த பிறகு அவனுக்குப் புதிய வசதி ஒன்று கிடைத்தது. விற்க வந்தவரின் நெல் குறைகிறது என்று தெரிந்ததும் குரலைத் தாழ்த்திக் கொள்வான். "உங்க விரல் போறதுல எனக்கு என்ன சந்தோஷம்? அதிகாரி காதுக்குப் போக வேண்டாம். பாதி விலைக்கு நெல்லை விட்டுட்டுப் போங்க" என்பான். எல்லோரும் விட்டுவிட்டுப் போனார்கள். கும்பிட்டுவிட்டும் போனார்கள்.

ஒரு சந்தை நாள் காலையில் காத்தாயி என்று ஒரு பெண் வண்டி ஓட்டிக்கொண்டு வந்தாள். மேலக்காட்டு ஊரில் சொந்தமாக உழுது நட்டுப் பிழைப்பவள். புருஷன் இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அதுவரை சந்தைக்கு வந்தவன் அவன்; அவள் வருவது இதுதான் முதல் தடவை. சந்தை வாசலில் "பன்னிரண்டு கலம்" என்று சொல்லி எழுதவைத்துவிட்டு, அம்பலத்தான் நெல் அளக்கும் களத்தில் நெல்லைக் குவித்தாள்.

அம்பலத்தானின் அளவுகாரன் பெயர் ஒச்சன். நல்ல குரல். மரக்காலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பாட ஆரம்பித்தான். ஒரு மரக்காலைக் கொட்டி அடுத்ததை நிரப்பும் வரைக்கும் அதே எண்ணை இழுத்துப் பாடுவது அவன் வழக்கம். "லாபமே லாபம்..." என்று தொடங்கினால் காக்கை குருவி கூட நின்று கேட்கும்.

காத்தாயி மரக்காலையே பார்த்துக்கொண்டு நின்றாள். முத்திரை இருந்தது. கோல் வழித்தது. பதினோரு கலம் முடிந்தது. பன்னிரண்டாம் கலத்துக்கு ஒச்சன் "லாபமே லாபம்" என்று ஒரு மரக்காலைக் கொட்டினான். அவ்வளவுதான். களத்தில் தரை தெரிந்தது.

"பன்னிரண்டாவது கலத்துல லாபம் மட்டுந்தாம்மா இருக்கு. மத்தது எங்கே?" என்றான் ஒச்சன்.

"வீட்டுல மூணு தடவை அளந்தேனே" என்றாள் காத்தாயி.

அம்பலத்தான் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினான். எல்லோரிடமும் சொன்னதை அவளிடமும் சொன்னான்.

காத்தாயி தன் வலது கையைப் பார்த்தாள். நாற்று முடியிலிருந்து இரண்டு மூன்று பயிரைப் பிரித்து சேற்றில் ஊன்றுவது கட்டை விரல்தான். அது இல்லாமல் நட முடியாது. நடாமல் அவளுக்குச் சோறு இல்லை. பாதி விலைக்கு விட்டுவிட்டால் விரல் மிஞ்சும். ஆனால் பொய்யளவுக்காரி என்று தானே ஒத்துக்கொண்டதாக ஆகும். அடுத்த வருஷமும் இதே களம், இதே பாதி விலை.

"அதிகாரியைக் கூப்பிடுங்க" என்றாள்.

அம்பலத்தானின் சிரிப்பு ஒரு கணம் நின்றது. இதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. "யோசிச்சுச் சொல்லு, அம்மா. அவர் வந்தா அப்புறம் என் கையில இல்லை."

"விரல் என் கையிலதானே இருக்கு. கூப்பிடுங்க."

சந்தை அதிகாரி வந்தார். மரக்காலைச் சோதித்தார், சரியாக இருந்தது. கோலைச் சோதித்தார், சரியாக இருந்தது. மறுபடி அளக்கச் சொன்னார்.

இந்த முறை காத்தாயி மரக்காலைப் பார்க்கவில்லை. கூட்டம் முழுக்க மரக்காலைப் பார்த்துக்கொண்டிருந்தது, அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கட்டை விரலை மற்ற நான்கு விரல்களின் கணுக்களில் வைத்தாள். ஒரு விரலுக்கு மூன்று கணு, நான்கு விரலுக்குப் பன்னிரண்டு கணு. நாற்று முடிகளை எண்ணுவது அவள் ஊரில் இப்படித்தான். நெல் கொட்டும் சத்தம் ஒவ்வொன்றுக்கும் கட்டை விரலை ஒரு கணு நகர்த்தினாள்.

சுண்டு விரலின் அடியில் தொடங்கிய கட்டை விரல் ஆள்காட்டி விரலின் கடைசிக் கணுவுக்கு வந்தது. பன்னிரண்டு சத்தம். அப்போது ஒச்சன் பாடிக்கொண்டிருந்தான்: "பதினொண்ணே பதினொண்ணு..."

காத்தாயி கண்ணைத் திறந்தாள். பதின்மூன்றாவது மரக்கால் நெல் கொட்டியது. "பன்னெண்டே பன்னெண்டு" என்று பாடி ஒரு கலத்தை முடித்தான் ஒச்சன்.

அடுத்த கலத்துக்கு அவள் காதைக் கொடுத்தாள். "லாபமே லாபம்" என்று ஒன்றைக் கொட்டினான். "ஒண்ணே ஒண்ணு" என்று அடுத்ததைக் கொட்டினான். பிறகு இரண்டு, மூன்று. லாபத்துக்கு நெல் விழுந்தது, எண் விழவில்லை.

அளந்து முடிந்தது. பதினோரு கலமும் ஒரு மரக்காலும் என்று ஒச்சன் சொன்னான்.

"ஐயா, மரக்கால் சரியா இருக்கு. வாய்தான் சரியா இல்லை" என்று காத்தாயி தான் கேட்டதைச் சொன்னாள்.

அதிகாரி நேர்மையானவர். அதனால் யோசித்துத்தான் பதில் சொன்னார். "அம்மா, மரக்காலைச் சோதிக்கச் சட்டம் இருக்கு. கோலைச் சோதிக்கச் சட்டம் இருக்கு. வாயைச் சோதிக்கச் சட்டம் இல்லையே. லாபம்னு சொல்றதும் ஒண்ணுன்னு சொல்றதும் குத்தம்னு எங்கேயும் எழுதலை. நான் என்ன செய்யட்டும்?"

அம்பலத்தான் கையைக் கூப்பினான். "லாபம்ங்கிறது சாமி பேரைச் சொல்ற மாதிரி, ஐயா. சாமியை யாராவது எண்ணுவாங்களா?"

அவளை அரசனிடம் கொண்டுபோனார்கள். விரலை அரசன் முன்னிலையில்தான் வெட்ட வேண்டும் என்பது சட்டம்.

அன்றே அரண்மனை வாசலில் சபை கூடியது. சந்தையே திரண்டு வந்து நின்றது. ஒரு மரக்கட்டையும் வாள்காரனும் தயாராக இருந்தார்கள். அதிகாரி நடந்ததைப் படித்தார். மரக்கால் சரி, கோல் சரி, நெல் குறைவு.

"சொல்ல ஏதாவது உண்டா?" என்று அரசன் கேட்டான்.

"உண்டு ராசா" என்றாள் காத்தாயி. "வெட்டுறதுக்கு முந்தி என் விரலை எண்ணிக்கச் சொல்லுங்க. பின்னாடி ஒண்ணு கூடுதலா வெட்டிட்டாங்கன்னு பேச்சு வரக் கூடாது பாருங்க. இந்த அளவுகார அண்ணனே எண்ணட்டும். களத்துல நெல்லை எண்ணுன மாதிரியே எண்ணட்டும்."

கேட்டது நியாயமாக இருந்தது. அரசன் தலையசைத்தான்.

ஒச்சன் முன்னால் வந்தான். அவன் அம்பலத்தானைத் திரும்பிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. நெடுநாள் பழகிய வாய் யோசிப்பதற்குக் காத்திருக்காது. அவள் நீட்டிய கையில் கட்டை விரலைத் தொட்டு, கண்ணை மூடி, ராகத்தை எடுத்தான்.

"லாபமே லாபம்... ஒண்ணே ஒண்ணு... ரெண்டே ரெண்டு..."

இரண்டு கையும் முடிந்தது. கடைசிச் சுண்டு விரலில் அவன் குரல் நின்றது. "ஒம்போதே ஒம்போது."

சபையில் யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். வாள்காரன் கூட வாளைக் கீழே ஊன்றிக்கொண்டு சிரித்தான்.

"கேட்டுக்குங்க ராசா" என்றாள் காத்தாயி. "பொறக்கும்போது எனக்குப் பத்து விரல். இப்ப ஒம்போதுன்னு உங்க சந்தை அளவுகாரரே சொல்லிட்டாரு. ஒண்ணு போயிருச்சு. தண்டனை முடிஞ்சுதுன்னா நான் வண்டியைக் கட்டலாமா?"

அரசன் சிரிக்கவில்லை. ஒச்சனை அருகில் அழைத்தான்.

"லாபம் என்பது எண்ணா, இல்லையா?"

"வாங்கும்போது இல்லீங்க" என்றான் ஒச்சன்.

"விற்கும்போது?"

"விக்கும்போது உண்டுங்க."

"எப்படி?"

ஒச்சன் எப்படி என்று காட்டினான். விற்கும்போது வெறும் மரக்காலைக் குவியலின் மேல் வைத்து, கண்ணில் ஒற்றி, "லாபமே லாபம்" என்பான். பிறகு முதல் மரக்கால் நெல்லைக் கொட்டி "ரெண்டே ரெண்டு" என்பான். வாங்கும்போது லாபத்துக்கு நெல் உண்டு, எண் இல்லை. விற்கும்போது எண் உண்டு, நெல் இல்லை. வாங்கினால் கலத்துக்குப் பதின்மூன்று மரக்கால், விற்றால் பதினொன்று.

சிரித்துக்கொண்டிருந்த சபையில் அம்பலத்தானிடம் நெல் வாங்கித் தின்றவர்களும் இருந்தார்கள். அவர்கள் சிரிப்பை நிறுத்தினார்கள்.

"வணிகனைக் கொண்டு வாருங்கள். அவன் விரலை வெட்டுங்கள்" என்றான் அரசன்.

அம்பலத்தானை மரக்கட்டைக்கு இழுத்து வந்தார்கள். அவன் அழவில்லை. அழாமல் பேசத் தெரிந்ததால்தான் அவன் பெரிய வணிகன்.

"சட்டத்துக்குக் கட்டுப்படறேன், மகாராசா. ஒரே ஒரு சந்தேகம். இந்த எண்ணிக்கையை நான் கண்டுபிடிக்கலை. ஒச்சனை நான் எங்கேயிருந்து கூட்டிட்டு வந்தேன்னு கேளுங்க."

ஒச்சனைக் கேட்டார்கள். அவன் அரண்மனையின் பின்பக்கம் கையை நீட்டினான். அங்கே அரசனின் களஞ்சியம் இருந்தது. குடிகள் விளைச்சலில் அரசனுக்குச் செலுத்தும் பங்கை அங்கேதான் அளந்து வாங்குவார்கள். ஒச்சன் எட்டு வருஷம் அங்கே அளவுகாரனாக இருந்தவன்.

"அங்க கத்துக்கிட்ட பாட்டுத்தாங்க" என்றான் ஒச்சன். "வாங்குறதுக்கு எனக்கு வேற பாட்டுத் தெரியாது."

களஞ்சியத்து அதிகாரி எழுந்தார். பதறவில்லை. "உண்மைதான், அரசே. பதின்மூன்றாவது மரக்கால் களவு அல்ல. எலிக்குக் கொஞ்சம், குருவிக்குக் கொஞ்சம், ஈரத்துக்குக் கொஞ்சம் என்று முன்னோர் காலத்திலிருந்து வழக்கம். அதனால்தான் களஞ்சியம் எப்போதும் நிறைந்திருக்கிறது."

"களஞ்சியம் நிறைந்தால் என் ஆட்சி நல்லது என்று அர்த்தம் என்றல்லவா நினைத்தேன்" என்றான் அரசன்.

களஞ்சியத்து அதிகாரி உட்கார்ந்துவிட்டார்.

வாள்காரன் வாளைத் தூக்கியபடி நின்றான். கொடுத்தவரோ எடுத்தவரோ, யாராக இருந்தாலும் என்பது சட்டத்தின் வாசகம். அதில் அரசன் நீங்கலாக என்று எழுதவில்லை. எழுத யாருக்கும் தோன்றவில்லை. மகிழரையன் தன் வலது கட்டை விரலைப் பார்த்தான். அதில் முத்திரை மோதிரம் இருந்தது. அந்தத் தண்டனை கொடியது என்பது அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.

அமைச்சர் குனிந்து காதில் சொன்னார். "லாபம் என்ற சொல்லையே தடை செய்துவிடலாம், அரசே. எல்லோரும் ஒன்று என்றே தொடங்கட்டும்."

மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் முன்வரிசைக்குக் கேட்டுவிட்டது. "பொலிய வேண்டிய நெல்லை ஒத்தைன்னு ஆரம்பிக்கணுமா? வாய் வெந்து போகும்" என்று ஒரு குரல் வந்தது. "முத்திரை குத்துன மரக்காலால அமைச்சர் வீட்டு நெல்லை முதல்ல அப்படி அளக்கட்டும்" என்று இன்னொரு குரல் வந்தது. அமைச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அரசன் காத்தாயியைப் பார்த்தான். "உனக்கு என்ன வேண்டும்? இவன் விரலா?"

"அதை வாங்கிட்டுப் போய் நான் என்ன செய்ய, ராசா?" என்றாள் அவள். "இவர் விரல் நடவுக்கு வருமா? என் நெல்லுக்கு முழு விலையைக் குடுக்கச் சொல்லுங்க. நான் பன்னெண்டு கலம் கொண்டாந்தேன்னு எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லுங்க. இதுவரைக்கும் எடுத்த பதின்மூணாவது மரக்காலை எடுத்தவங்க திருப்பட்டும். அது போதும்."

எடுத்தவங்க என்றபோது அவள் அம்பலத்தானைப் பார்த்துச் சொன்னாளா, அரசனைப் பார்த்துச் சொன்னாளா என்பது அங்கே இருந்தவர்களுக்கே தெளிவாகத் தெரியவில்லை.

அரசன் எழுந்து நின்று தீர்ப்புச் சொன்னான். காத்தாயி கொண்டுவந்தது பன்னிரண்டு கலம். விரல் வெட்டும் சட்டம் இன்றோடு போயிற்று. அம்பலத்தான் மூன்று வருஷம் கலத்துக்குப் பன்னிரண்டு மரக்கால் வாங்கி, பதின்மூன்று மரக்கால் கொடுத்து விற்க வேண்டும். அளவுகாரன் ஒச்சன் அவனிடமே இருந்து, அதே குரலில், அதை எண்ண வேண்டும்.

அம்பலத்தான் நிம்மதியாக மூச்சு விட்டான். மூன்று வருஷக் கணக்கை மனத்தில் போட்டுப் பார்த்ததும் விரலே போயிருக்கலாமோ என்று நினைத்தான்.

பிறகு அரசன் களஞ்சியத்தைத் திறக்கச் சொன்னான். அந்த வருஷத்துப் பங்கு நெல்லை வெளியே எடுத்து, ஊர் ஊராக, எல்லோர் முன்னாலும் அளந்தார்கள். பதின்மூன்றில் ஒரு பங்கு வண்டிகளில் ஏறித் திரும்பிப் போனது. முந்தைய வருஷங்களின் நெல் ஏற்கனவே தின்று செரித்தாகிவிட்டது. அதைத் திருப்ப யாராலும் முடியவில்லை. மிஞ்சிய நெல்லில் அரண்மனை அந்த வருஷம் சிக்கனமாகச் சாப்பிட்டது. யானைகளுக்குக் கவளம் சிறுத்தது. எலிகளும் குருவிகளும் எப்போதும் போல் தின்றன.

நான்காவதாக ஒரு சட்டமும் வந்தது. ஒரே வரி. 'லாபம் என்பது ஒன்று. அதற்கு அடுத்தது இரண்டு.' அதைக் கல்லில் வெட்டினார்கள்.

"கல்லைச் சந்தை வாசலில் நடலாமா?" என்று அதிகாரிகள் கேட்டார்கள்.

"என் களஞ்சிய வாசலில் நடுங்கள்" என்றான் அரசன்.

அடுத்த அறுவடைக்குக் குடிகள் பங்கு நெல்லோடு வந்தபோது, களஞ்சியத்தில் லாபம், இரண்டு, மூன்று என்று எண்ணினார்கள்; பன்னிரண்டில் நிறுத்தினார்கள். அதைச் சந்தை வணிகர்கள் கேட்டார்கள். அவர்களும் பன்னிரண்டில் நிறுத்தினார்கள். ஒச்சனுக்கு மட்டும் வெகுகாலம் சிரமமாக இருந்தது. லாபம் பாடி முடித்ததும் நாக்கு ஒன்றுக்குப் போகும். அதைப் பிடித்து இழுத்து இரண்டில் வைப்பதற்குள் அவனுக்கு வியர்த்துவிடும்.

சந்தையில் பொய் அத்தோடு ஒழிந்ததா என்று கேட்டால், ஒழியவில்லை. மறு வருஷமே தராசுத் தட்டின் அடியில் புளியை ஒட்டி வைத்திருந்த ஒரு வெல்ல வியாபாரியைப் பிடித்தார்கள். அவன் அழுதான், கும்பிட்டான், பிள்ளை குட்டிக்காரன் என்றான். வேறு யாரைக் கைகாட்டலாம் என்று அரண்மனைப் பக்கமும் திரும்பிப் பார்த்தான். அங்கே கைகாட்ட எதுவும் இல்லாததால், குற்றத்தை ஒப்புக்கொண்டான்.

இதனால் கேட்பவர்கள் அறிந்துகொள்ள வேண்டியது: ஊரார் அளவைத் திருத்தச் சட்டம் போடுகிறவர், முதலில் தம் வீட்டு அளவைத் திருத்திக்கொள்ள வேண்டும்.